பிள்ளைகளிடம் போகும் பெற்றோர்

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளிடம் சென்று திரும்பிய எம்மவர்களிடம் பயணம் எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். "வீட்டுக்குள்ளைதான் இருந்தம். பிள்ளையளுக்கு வேலை." ஆறு மாதம் கனடாவில் இருந்துவிட்டு, ஸ்கார்பரோவில் இரண்டு வீதிகளையும் நயாகரா நீர்வீழ்ச்சியையும் மட்டும் கண்டு திரும்பியோர் ஏராளம்.

தங்குவதற்கான காலம் இப்போது ஒரு பிரச்சினையல்ல. 2011 டிசம்பரில் கனடா சுப்பர் விசாவைக் கொண்டுவந்தபோது பெற்றோர் ஒரே தடவையில் இரண்டு ஆண்டுகள் தங்கலாம் என்றது. பின்னர் அது ஐந்து ஆண்டுகளானது. பிள்ளை அழைப்புக் கடிதம் எழுதி, வருமானத்தைக் காட்ட வேண்டும். குறைந்தது ஒரு இலட்சம் கனடிய டொலருக்கு மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். (பாடசாலை அறிக்கையில் நாம் கையொப்பமிட்ட பிள்ளைகள் இன்று எமக்குப் பொறுப்பு நிற்கிறார்கள்!) ஆனால் ஐந்து ஆண்டு ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், வேலையால் வந்து சாப்பிட்டு உறங்கும் பிள்ளையிடம் என்னத்தைப் பேசுவது? வீட்டில் இருக்கும் ஆறு மாதத்தைவிட, பிள்ளைகளோடு ஒரே வாகனத்தில் போகும் ஒரு வாரம் மேல் என்பது என் கட்சி.

2025 கோடையில் ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு மகளும் மருமகனும் எங்களை அழைத்துச் சென்றார்கள். 401 நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 540 கிலோமீற்றர். இடையில் கனனோக்வே என்ற சிற்றூரில் படகேறி, சென் லோறன்ஸ் ஆற்றின் ஆயிரம் தீவுகளைப் பார்ப்பது திட்டம். பெயர்தான் ஆயிரம், உண்மையில் 1,800க்கு மேல். ஒரேயொரு வீடு மட்டும் கொள்ளும் தீவுகளும் உண்டு.

கிங்ஸ்ரனைத் தாண்டியதும் மருமகன் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு, அமெரிக்க எல்லைப் பாலத்துக்குப் போகும் வீதியில் திரும்பிவிட்டார். எனக்கும் மனைவிக்கும் அமெரிக்க விசா இல்லை. முன்னே எல்லை அறிவிப்புப் பலகைகள். பாலத்தடியில் ஒரு கிளைவீதி இருந்ததால் தப்பினோம். "ஓமந்தையிலை நிண்டமாதிரிக் கிடக்கு" என்றார் மனைவி.

அந்தச் சொல்லோடு மகள் 2002ஆம் ஆண்டுக்குப் போய்விட்டாள். ஏ9 வீதி திறந்த ஆண்டு அது. அவளுக்கு ஆறு வயது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வானில் போனோம். ஓமந்தையில் இறங்கி, பொதிகளைப் பிரித்துக் காட்டி, பதிந்து, ஏறி, முகமாலையில் மீண்டும் இறங்கினோம். அவ்வளவும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. மகளின் நினைவோ வேறு.

"அப்பா அண்டைக்கு முழுக்கக் கதைக்கேல்லை. நான் வானுக்குள்ளை சத்தி எடுத்ததாலை கோவம் எண்டு நினைச்சன்" என்றாள்.

இருபத்துமூன்று ஆண்டுகள் ஒரு பிள்ளை அப்படி நினைத்திருக்கிறாள். என் பையில் இருந்த குறிப்புப் புத்தகங்களை யார் எந்தச் சாவடியில் புரட்டுவார்களோ என்ற அச்சத்தில் வாயடைத்திருந்தேன் என்பதை அன்றுதான் சொன்னேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லவும் முடியாது. கனடாவில் வளர்ந்த மருமகன் வானொலியை நிறுத்திவிட்டு, "பிறகு என்ன நடந்தது, மாமா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். படகைத் தவறவிட்டோம், அடுத்த படகுக்குக் காத்திருந்தபோதும் பேச்சு முடியவில்லை. அதற்குமுன் மூன்று வாரங்கள் அவர்கள் வீட்டில்தான் இருந்தோம். இதில் ஒரு வரியும் வெளிவந்ததில்லை.

செலவைச் சொல்வார்கள். எம் ரூபாவை டொலராக்கினால் கண்ணீர்தான் வரும். ஆனாலும் விடுதிச் செலவில் ஒரு பங்கை நாம் கொடுக்கலாம், ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் காவிச் செல்லும் பெட்டியொன்றைக் குறைக்கலாம். ஸ்கார்பரோவில் கிடைக்காத தூளா? விடுமுறைதான் உண்மையான தடை. ஒன்ராரியோவில் ஒரே இடத்தில் ஐந்து ஆண்டு பணிசெய்யாத ஊழியருக்குச் சட்டம் உறுதிசெய்யும் ஊதிய விடுமுறை ஆண்டுக்கு இரண்டு வாரம் மட்டுமே. அதில் ஒன்றைக் கேட்பது பெரிய கேள்விதான். விமானச்சீட்டு எடுக்குமுன்னரே கேட்டுவிடுங்கள்.