உபயமும் உரிமையும்

கொட்டாஞ்சேனையின் கோயில்களிலும் பாடசாலைகளிலும் "உபயம்" என்ற சொல்லைத் தாங்கிய கடிகாரங்களுக்கும் மின்விசிறிகளுக்கும் குறைவில்லை. ஈட்டியதில் ஒரு பங்கை ஊருக்கு ஈதல் தமிழ் வணிகரின் நெடுநாள் வழக்கு. பெருங் கம்பனிகள் அவ்வழக்கிற்குக் கூட்டாண்மைச் சமூகப் பொறுப்பு எனப் பெயர் சூட்டி, ஆண்டறிக்கைகளில் வண்ணப் படங்களுடன் அச்சிடுகின்றன. ஈகையைப் பழிப்பார் எவருமிலர். ஆனால், ஈகை அறத்தின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும்போது வாளாவிருத்தல் தகாது.

வணிக அறம் காசோலை எழுதும் மேசையில் தொடங்குவதன்று. விற்பனைப் பெண் நிற்கும் தரையிலே தொடங்குவது. புடைவைக் கடையில் முதலாளி பணப்பெட்டியின் முன் அமர்ந்திருக்கின்றார். வாங்க வந்தோருக்கும் கதிரை உண்டு. காலை முதல் இரவுவரை நிற்பவள் சேலையை விரித்துக் காட்டுபவள் மட்டுமே. கடையில் ஆளில்லா வேளையிலும் அவள் நிற்றல் வேண்டும். கால்வீக்கமும் இடுப்பு நோவும் நாளங்கள் புடைத்தலும் அவளது ஊழியத்தின் உபரி ஊதியங்கள்!

அமர்ந்திருத்தல் வாடிக்கையாளருக்கு அவமரியாதை என்பர் சிலர். வங்கி உத்தியோகத்தர் அமர்ந்தபடியே பணம் எண்ணித் தருகையில் எவருடைய மரியாதையும் குறைவதில்லை. எனவே இங்கு காக்கப்படுவது வாடிக்கையாளரின் மதிப்பன்று, முதலாளியின் அதிகாரமே என்பது வெளிப்படை.

இது புதிய வழக்குமன்று. பெண் சிப்பந்திகள் மூவருக்கு ஓர் இருக்கையேனும் வேண்டும் எனப் பிரித்தானியா 1899ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையற் தொழிலாளியான பி. விஜி முதலியோர் "பெண்கூட்டு" அமைப்பின்வழிப் போராடினர். 2018இல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவருக்கும் இருக்கையை உறுதிசெய்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டமன்றம் கூடவேண்டியிருந்தது என்பதே வணிக உலகின் அறத்திற்குக் கிடைத்த சான்றிதழ்.

இந்தியாவின் 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம் பெருநிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கின்றது. தம் ஊழியருக்கு மட்டும் பயன்படும் செலவை அக்கணக்கிற் சேர்க்க விதிகள் இடமளிப்பதில்லை. இது முற்றிலும் நியாயமே. ஊழியருக்குரியது கொடையன்று, கடன். கடனைத் தீர்க்காதவன் தானம் செய்வானாயின் அத்தானம் யாருடைய பொருளிலிருந்து செய்யப்படுகின்றது?

இலங்கையில் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலைநேரத்தை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்திற்கு 45 மணித்தியாலம் என வரையறுத்தது. ஆயினும், தொழிற்சங்கமில்லாச் சிறு கடையிலே தனியொரு பெண் தன் மேலதிக நேரக் கொடுப்பனவைக் கேட்பது எளிதன்று. கேட்டால் வேலை போகும் என்ற அச்சமே அங்கு எழுதப்படாத சட்டம்.

ஆதலின், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தீபாவளிக்குப் புடைவை எடுக்கச் செல்வோர் விலையுடன் வேறொன்றையும் வினவட்டும்: "இந்தப் பிள்ளைக்கு ஒரு கதிரை இல்லையா?" கோயிற் சுவரில் முதலாளியின் பெயரைப் பொறிக்குமுன், கடைச் சுவரோரம் ஓர் இருக்கை இடப்படட்டும். அதன்மேல் "உபயம்" என எழுதவேண்டியதில்லை, அது உரிமை.