அம்மாவின் மிளகாய்க் கண்டும் பச்சைப் பாசியும்

பங்குனி மாதம். வெளியில இன்னும் ஸ்னோ. எங்கட பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டுக் குசினி ஜன்னலில அம்மா பத்துத் தயிர்க் கோப்பைகளில மண் போட்டு மிளகாய் விதைச்சிருந்தா. போன வருசப் பழத்தில எடுத்து வைச்ச விதை.

கண்டு இரண்டு இலை விட்ட நேரம், மண்ணுக்கு மேல வழுவழுவெண்டு பச்சைப் படலம். பூஞ்சணம் எண்டு பயந்து, பத்தையும் குப்பையில கொட்டிப்போட்டன். அம்மா வேலையால வந்து வெறும் ஜன்னலைப் பார்த்தா. "அது பாசி பிள்ளை, ஒண்டும் செய்யாது" எண்டா. பிறகு கன நேரம் கதைக்கேல்ல.

அண்டைக்கு இரவு தேடி வாசிச்சன். அம்மா சொன்னது சரி. அது பெரும்பாலும் பச்சைப் பாசி. ஈரமும் வெளிச்சமும் உள்ள மண்ணில் தானாக வளரும். வெளிச்சத்தில் தன் உணவைத் தானே தயாரிக்கும். செத்தால் மண்ணுக்கு உரம். அதன் வழுவழுப்பான பசை மண் துகள்களை ஒட்டிப் பிடிப்பதால் மண் சுலபத்தில் அரித்துப் போகாது. கண்டுக் கோப்பையில் அது வந்தால் தண்ணீர் கூடிப்போச்சு எண்டு அர்த்தம். மேல்மண்ணைக் காயவிட்டு, முள்ளுக்கரண்டியால் மெல்லக் கிளறிவிட்டால் போதும்.

வாசிக்கேக்க ஒரு பெயர் கண்ணில் பட்டது: எம். ஓ. பி. ஐயங்கார். 1886இல் சென்னையில் பிறந்தவர், இந்தியப் பாசியியலின் தந்தை. 1932இல் ஈர மண்ணில் வாழும் ஒரு பச்சைப் பாசியை விவரித்து, லண்டன் பேராசிரியர் ஃப்ரிட்ச்சைக் கௌரவிக்கும் வகையில் 'ஃப்ரிட்ச்சியெல்லா' என்று பெயர் வைத்தார். அதன் ஒரு பகுதி மண்ணுக்குள் சின்னக் கிழங்கு போலக் கட்டியாக இருக்கும். மேலே காய்ந்தாலும் கீழே உயிர் இருக்கும்; ஈரம் வந்ததும் திரும்பத் துளிர்க்கும்.

காலையில மகளுக்குச் சொன்னன். அவள் நேரே அம்மாட்டப் போய், "அம்மம்மா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" எண்டு கேட்டாள்.

"எங்கட கிணத்தடி முழுக்க இதுதானே" எண்டு அம்மா சிரிச்சா. பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்தா. விதையில பாதியை எப்பவும் மிச்சம் வைப்பாவாம்.

இப்ப ஜன்னலில திரும்பவும் பத்துக் கோப்பை. பச்சையும் வந்திட்டுது. கிளறிவிடுற வேலை மகளுக்கு. எனக்கு ஒரு பாடம்: வீட்டில ஒண்டைக் கொட்ட முதல், அம்மாட்ட ஒரு வார்த்தை கேக்கவேணும். நீங்களும் கேளுங்கோ.