மஸ்ஜித் இந்தியாவுக்குப் போகலாமா?

"தீவாளிக்குத் துணி எடுக்கக் கிள்ளானுக்கே போயிக்கலாம் தம்பி. மஸ்ஜித் இந்தியா பக்கம் வேணாம். அங்கே நெலம் வாயைப் பொளந்து ஆளை முழுங்குது."

ஒரு தோட்டத்து மண்டபத்தில் சந்தாக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக் கொண்டிருந்தபோது நம்மிடம் இதைச் சொன்னவர், முப்பது ஆண்டு பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு மூதாட்டி. பக்கத்தில் நின்ற இளைஞர் விடவில்லை. "நெலம் மட்டுமா ஆயா? அங்கே கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தகராறாம். கைத்தொலைபேசியிலே வந்துச்சே!" இன்னொரு அம்மா தன் பங்குக்குச் சங்கிலி அறுக்கிறவர்கள் கதையைத் தொடங்கினார். ஐந்தே நிமிடத்தில் நம்முடைய பழைய மஸ்ஜித் இந்தியா ஒரு கொலைக்களம் ஆகிவிட்டது.

நாம் உடனே மறுத்துப் பேசவில்லை. மறுக்கவும் முடியாது, மூன்றும் நடந்தவைதான். ஆனால் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "அந்த இடமே சரியில்லை" என்று தலையில் சுமந்து கொண்டு வீடு திரும்பலாமா? மூட்டையை அவிழ்த்துத்தான் பார்ப்போமே.

தோட்டத்து மக்களுக்கும் அந்தச் சாலைக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1863-இல் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரைத்தான் அந்தச் சாலை தாங்கி நிற்கிறது. போனஸ் கைக்கு வந்ததும் லோரியிலும் பஸ்ஸிலும் ஏறிக் கோலாலம்பூர் போவது, அஞ்சடியில் நெருக்கியடித்துக் கொண்டு சேலையும் வளையலும் பார்ப்பது, பிள்ளைகளுக்கு ஐஸ் வாங்கிக் கொடுப்பது: நம் பெற்றோர் ஆண்டு முழுவதும் பட்ட பாட்டுக்கு அந்த ஒரு நாள்தான் கூலி. 2010 அக்டோபர் 27-இல் அன்றைய பிரதமர் நஜீப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் பிரிக்பீல்ட்ஸில் 'லிட்டில் இந்தியா'வைத் திறந்து வைத்தார்கள். அது அரசாங்கத்தின் லிட்டில் இந்தியா. நம் சனங்கள் பலருக்கு இன்றும் லிட்டில் இந்தியா என்றால் மஸ்ஜித் இந்தியாதான்.

இப்போது அங்கே வருகிறவர்கள் நாம் மட்டுமல்ல. 2023 டிசம்பர் 1 முதல் இந்திய நாட்டவர் விசா இல்லாமல் வரலாம் என்று நம் அரசாங்கம் கதவைத் திறந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் சுற்றுப்பயணிகள் வந்தார்கள். 'மலேசியாவுக்கு வருகை தாருங்கள் 2026' என்று உலகமெல்லாம் விளம்பரமும் போனது. விருந்தாளியை வா என்று அழைத்தாகிவிட்டது. வந்தவர் கால் வைக்கிற தரை உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது யார்?

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்கு மேல் ஆந்திராவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி குடும்பத்தாரோடு அந்த நடைபாதையில் போய்க் கொண்டிருந்தார். திடீரென்று தரை உள்வாங்கியது. எட்டு மீட்டர் ஆழக் குழி. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆளைக் காணோம். கீழே ஓடிய கழிவுநீர்க் குழாயின் வேகம் அவரை இழுத்துக் கொண்டு போயிருக்கும் என்றார்கள்.

தீயணைப்புப் படை, போலீஸ், மாநகர் மன்றம், கழிவுநீர் நிர்வாகமான இண்டா வாட்டர் எல்லாரும் இறங்கித் தேடினார்கள். மோப்ப நாய்கள் வந்தன. குழாய்க்குள் கேமரா போனது. தண்ணீரைப் பீய்ச்சிக் கல்லாய் இறுகிக் கிடந்த அடைப்பை உடைக்கப் பார்த்தார்கள். மூச்சு முட்டும் சாக்கடைக்குள் முக்குளிப்பவர்களும் இறங்கினார்கள். அவர்களும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளை உள்ளவர்கள்தான். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. கிடைத்தது ஒரு சோடிச் செருப்பு மட்டும். தேடிக் கொண்டிருந்தபோதே, ஆகஸ்ட் 28-ஆம் தேதி, சுமார் ஐம்பது மீட்டர் தள்ளி இன்னோர் இடத்திலும் தரை உள்வாங்கியது. ஆகஸ்ட் 31, நாடு சுதந்திர தினம் கொண்டாடிய நாளில், தேடும் பணி நிறுத்தப்பட்டது. தேடுகிறவர்களின் உயிருக்கே ஆபத்து என்பது காரணம். அந்தக் குடும்பத்துக்குப் பாடை கட்டிக் கருமாதி செய்ய ஓர் உடல்கூட இல்லை.

கோலாலம்பூரின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. சுண்ணாம்பைத் தண்ணீர் அரிக்கும். பழைய குழாய் கசிந்தால் சுற்றியுள்ள மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். மேலே பதித்த செங்கல் மட்டும் அப்படியே நிற்கும், நல்ல தரை போல. இது படித்தவர்களுக்குத் தெரியாத ரகசியமா? ஈயம் தோண்டிய காலத்திலிருந்தே தெரிந்த சங்கதிதான். நடைபாதை மாநகர் மன்றத்துடையது, கழிவுநீர்க் குழாய் ஒரு நிறுவனத்துடையது, குடிநீர்க் குழாய் இன்னொரு நிறுவனத்துடையது, பாறையை ஆராய்வது வேறொரு இலாகா. ஆளுக்கொரு துண்டு இருக்கிறது. முழுத் தரைக்கும் பொறுப்பானவர் யார் என்று கேட்டால்தான் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

இது நமக்குப் பழகிய நாடகம். நாம் வளர்ந்த ஒரு தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் பழைய மலக்குழி ஒன்று இருந்தது. துருப்பிடித்த தகரம் போட்டு மூடியிருந்தார்கள். தோட்டம் கைமாறியபோது, "குழி பழைய கம்பெனி வெட்டியது" என்றார் புது நிர்வாகி. கிராணியைக் கேட்டால் நிர்வாகியைக் கேள் என்பார். நகராண்மைக்கு எழுதினால், அது தனியார் நிலம் என்று பதில் வரும். கடைசியில் ஒரு மாடு விழுந்தது. மாட்டுக்காரர் அழுத அழுகையைக் கேட்ட பிறகுதான் இரண்டு வண்டி மண் கொட்டினார்கள். அன்று விழுந்தது மாடு என்பதால் அதைச் சிரித்துக் கொண்டே சொல்ல முடிகிறது.

ஆகவே, "நெலம் ஆளை முழுங்குது" என்று ஆயா சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. நிலம் தானாக முழுங்குவதில்லை. 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாளில், புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து நூற்றுக்கணக்கான வீடுகள் நாசமான சேதியும் ஞாபகத்துக்கு வருகிறது. அங்கேயும் கதை தரைக்குக் கீழேதான். அந்த நெருப்புக்குத் தப்பியவர்களுக்கு அங்குள்ள பள்ளிவாசல் இடம் கொடுத்தது.

இனி இளைஞர் கிளப்பிய கோயில் விவகாரம். அதே மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் 130 ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று சொல்லப்படும் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் இருந்த நிலத்தை, மாநகர் மன்றம் 2014-இல் ஜேக்கல் என்ற துணி வியாபார நிறுவனத்துக்கு விற்றது. அங்கே பள்ளிவாசல் கட்டுவது நிறுவனத்தின் திட்டம். 2025 மார்ச் 27-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அடிக்கல் நாட்டுவார் என்ற சேதி வந்ததும் நாடே கொதித்தது. அதே மாதத் தொடக்கத்தில்தான் வானொலி அறிவிப்பாளர்கள் சிலர் காவடியாட்டத்தைக் கேலி செய்த படம் ஒன்று வெளியாகி மனங்கள் புண்பட்டிருந்தன. எரிகிற அடுப்பில் எண்ணெய். முடிவில், ஆலயத்தைச் சுமார் ஐம்பது மீட்டர் தள்ளி வேறு நிலத்துக்கு மாற்றுவது என்று பேசி முடித்தார்கள். சிலர் இதை வெற்றி என்றார்கள், சிலர் தோல்வி என்றார்கள். நாம் இரண்டும் சொல்லவில்லை. சாலையில் கலவரம் மூளவில்லை. பூக்காரர் பூக் கட்டினார், முக்காட்டுக் கடைக்காரர் பெருநாள் வியாபாரம் பார்த்தார். கைத்தொலைபேசியில் ஓடிய ரத்த ஆறு மஸ்ஜித் இந்தியாவில் ஓடவில்லை.

ஆனால் அந்தக் கொதிப்பின் வேர் எது என்று தோட்டத்து மக்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? நம் முன்னோர் காட்டை அழித்தபோது ஒரு கல்லை நட்டுச் சூலத்தைச் செருகினார்கள். வெள்ளைக்காரத் துரை, 'கூலிகள் அமைதியாக இருந்தால் சரி' என்று விட்டுவிட்டார். வாய்ச் சொல்தான், தாள் இல்லை. தோட்டம் விற்கப்பட்டு வீட்டு மனையானதும், நூறு வருடக் கோயில் ஒரே நாளில் 'சட்டவிரோதக் கோயில்' ஆகிவிடுகிறது. லயத்தில் பிறந்தவன் புறம்போக்குவாசி ஆகிவிடுகிறான்.

சுபாங் ஜெயா சீபீல்ட் மகா மாரியம்மன் கோயிலை நினைத்துப் பாருங்கள். பெயரே சொல்கிறது, அது சீபீல்ட் தோட்டத்துக் கோயில். நிலம் மேம்பாட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2018 நவம்பர் 26-ஆம் தேதி விடியற்காலையில் ஒரு கும்பல் உள்ளே புகுந்தது. மறுநாள் இரவுக்குள் வண்டிகள் எரிந்தன. அங்கே கடமைக்கு வந்த ஓர் இளம் தீயணைப்பு வீரர் படுகாயமடைந்து டிசம்பர் 17-இல் உயிர்விட்டார். அடையாளம் தெரியாத இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் குற்றச் செயலே காரணம் என்று 2019 செப்டம்பரில் மரண விசாரணை நீதிமன்றம் சொன்னது. நிலத்தகராறாகத் தொடங்கியது, இனத்தகராறாகப் பேசப்பட்டு, ஒரு மலாய்த் தாயின் மகன் உயிரில் முடிந்தது. இதில் யாருக்கு லாபம்?

அதற்கும் முன்னால், 2001 மார்ச்சில், கம்போங் மேடான். தோட்டங்களை விட்டு வந்து புறம்போக்கிலும் நீண்ட வீடுகளிலும் ஒண்டிக் கிடந்த நம்மவர்கள் வாழ்ந்த பகுதி. ஒரு வீட்டில் கல்யாணம், ஒரு வீட்டில் சாவு, இடையில் ஒரு சச்சரவு. வதந்தி ஓடிய வேகத்தில் 6 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் நம் இனத்தவர். அப்போது படம் அனுப்பும் கைத்தொலைபேசி இல்லை. வாய்தான் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கோயில் நிற்கும் நிலத்துக்கு ஏதாவது தாள் இருக்கிறதா? நிர்வாகியின் கடிதமாவது உண்டா? தோட்டம் விலை பேசப்படும் சேதி வரும்வரை காத்திருக்காதீர்கள். இப்போதே கேளுங்கள். சிலாங்கூரில் இஸ்லாம் அல்லாத வழிபாட்டுத் தலங்களுக்கு மாநில அரசின் சிறப்புக் குழு இருக்கிறது. அங்கே மனுக் கொடுங்கள், கொடுத்ததற்கு முத்திரை குத்திய நகலை வாங்கி வையுங்கள். கும்பாபிஷேகத்துக்கு வசூலிக்கிற பணத்தில் ஒரு பங்கை நில அளவைக்கு ஒதுக்கினால் அம்மன் கோபித்துக் கொள்ள மாட்டாள்.

சங்கிலி அறுப்புப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அது உண்மை, மஸ்ஜித் இந்தியாவுக்கு மட்டும் உரியதும் அல்ல. நம் வீட்டிலேயே ஒருமுறை நடந்தது. மோட்டார் சைக்கிளில் வந்தவன் கைப்பையை இழுத்ததில் வீட்டம்மா அஞ்சடியில் விழுந்து முழங்கை பெயர்ந்தது. இழுத்தவன் என்ன இனம் என்று தெரியாது, தலைக்கவசம் போட்டிருந்தான். தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தவர் முக்காடு விற்கும் ஒரு மலாய்க்கார அம்மா. பை போனது போனதுதான். கூட்ட நாளில் போகிறவர்கள் தாலிக்கொடியை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு போங்கள், தெய்வக் குற்றம் ஒன்றுமில்லை. பையைச் சாலைப் பக்கம் தொங்க விடாமல் கடைப் பக்கம் மாட்டுங்கள். போனஸ் பணம் முழுவதையும் ஒரே பையில் திணிக்காதீர்கள். பறிபோனால் அன்றே போலீசில் புகார் செய்யுங்கள். அடையாள அட்டையும் சேர்ந்து போயிருந்தால், பறிபோனது என்ற அந்தப் புகார்ச் சீட்டைக் காட்டினால் பதிவிலாகாவில் புது அட்டைக்குக் கட்டணம் கேட்க மாட்டார்கள். அவசரத்துக்கு 999.

அடையாள அட்டை என்றதும் இன்னொன்று. அந்த வட்டாரத்தில் குடிநுழைவுத் துறை சோதனை நடப்பதுண்டு. இந்த மண்ணிலேயே பிறந்தும் சிவப்பு அட்டையோடு காலம் தள்ளும் நம் பெரியவர்கள் சிலர், பட்டணம் போகவே பயப்படுவது இதனால்தான். அட்டையை எடுத்துக் கொள்ளுங்கள், கேட்டால் காட்டுங்கள், மலாய் சரளமாகப் பேசும் பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போங்கள்.

இத்தனையையும் அன்று மண்டபத்தில் நாம் இவ்வளவு வரிசையாகச் சொல்லவில்லை. பேச்சுப் பேச்சாகத்தான் போனது. ஆயா எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"அந்தக் குழியை மூடிட்டாங்களா?"

"மூடி, மேலே நல்லாப் போட்டுட்டாங்க ஆயா."

"அந்தப் பொண்ணு?"

"கெடைக்கலை."

ஆயா கொஞ்ச நேரம் கோப்பையைப் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு எழுந்து சேலையை உதறிக் கொண்டு, "சரி, சனிக்கிழமை பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்றார். ஏழு மணிக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து என்று சொன்னோம்.