பீரோவில் தூங்கும் கடிகாரம்

அப்பா கட்டியிருந்த ஆட்டோமேடிக் கைக்கடிகாரம் பீரோவில் இருக்கிறது. மகன் கட்டுவது வேறு கடிகாரம். "ஓடாமல் கிடந்தால் கெட்டுவிடும்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் தினமும் காலையில் அதை எடுத்துக் குலுக்கி வைக்கிறான். வசதி உள்ளவர்களோ இதற்கென்றே மின்சாரப் பெட்டி வாங்குகிறார்கள். அது கடிகாரத்தைச் சுற்றிச் சுற்றி ஓட வைத்துக்கொண்டே இருக்கும்!

இது வேண்டாத வேலை.

இந்தக் கடிகாரத்துக்குள் அரைவட்டமாக ஓர் எடைத் தகடு உண்டு. கை அசையும்போது தகடு சுழலும், ஸ்பிரிங் முறுக்கேறும். கழற்றி வைத்தால் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு நாளில் நின்றுவிடும். நிற்பது நோய் அல்ல, ஓய்வு. ஓடினால்தானே சக்கரங்கள் தேயும்? உள்ளே எண்ணெய் வற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். குலுக்கக் குலுக்கத் தேய்மானம்தான்.

தேய்ந்தால் மாற்றுச் சாமான் கிடைக்குமா? 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியுடன் பெங்களூரில் தொடங்கியது எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை. அந்தக் கடிகாரக் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அரசு முடிவு செய்தது. அப்பா காலத்துக் கடிகாரங்களில் பலவற்றின் கதி இதுதான்.

தேதி, மாதம், லீப் வருடம் எல்லாம் தானே காட்டும் விலை உயர்ந்த கடிகாரங்கள் சில உண்டு. நின்றால் மறுபடி சரி செய்வது பெரும்பாடு. அவற்றுக்கு வேண்டுமானால் அந்தப் பெட்டி உதவும். சாதாரணக் குடும்பத்துக்கு எதற்கு?

உண்மையான எதிரிகள் வேறு. கழற்றியதும் வியர்வையை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். தோல் வார் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். ஒலிபெருக்கி மேல் வைக்கவே கூடாது. காந்தம் பட்டால் உள்ளே இருக்கும் மயிரிழை ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். கடிகாரம் தறிகெட்டு ஓடும்.

மறுபடி கட்டும்போது தேதியை அவசரமாகத் திருகக் கூடாது. இரவு ஒன்பது முதல் அதிகாலை மூன்று வரை தேதிச் சக்கரம் பல்லில் மாட்டியிருக்கும். நின்ற கடிகாரம் இரவில் நின்றதா, பகலில் நின்றதா என்று யாருக்குத் தெரியும்? முள்ளை முன்பக்கமாகச் சுற்ற வேண்டும். தேதி மாறியதும் இன்னும் ஆறு மணி நேரம் நகர்த்திவிட்டுப் பிறகு தேதியைத் திருத்தலாம்.

பல வருடம் கிடந்த கடிகாரமானால் கட்டுவதற்கு முன் கடிகார ரிப்பேர்காரரிடம் கொடுத்து, சுத்தம் செய்து எண்ணெய் போட்டு வாங்க வேண்டும். மின்சாரப் பெட்டிக்கு வைத்திருக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.