மூடிய ஆலையைத் திறந்தவர்

நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில், பால்மாடுகளை நம்பி வாழும் சிற்றூர் சவுத் எட்மெஸ்டன். அங்கிருந்த பழைய தயிர் ஆலையை கிராஃப்ட் நிறுவனம் 2005இல் மூடியது. பல குடும்பங்களின் பிழைப்பு போயிற்று.

அந்த ஆலையை வாங்கியவர் ஹம்தி உலுக்காயா. கிழக்குத் துருக்கியில் ஆடு மேய்த்த குர்து குடும்பத்துப் பிள்ளை. 1994இல் ஆங்கிலம் படிக்க அமெரிக்கா வந்தவர். அரசின் சிறுதொழில் கடனுதவியோடு ஆலையை வாங்கி, பழைய தொழிலாளர்கள் சிலரையே மீண்டும் அழைத்தார். அவர்கள் சேர்ந்து செய்த முதல் வேலை, சுவருக்கு வண்ணம் அடித்தது! 2007இல் ‘சோபானி’ கெட்டித் தயிர் கடைகளுக்குப் போனது. சில ஆண்டுகளிலேயே ஆண்டு விற்பனை 100 கோடி டாலரைத் தாண்டியது.

விற்பனையைவிட அவர் ஆட்களை நடத்திய விதமே பெரிது. யூட்டிக்கா நகரில் குடியேறியிருந்த அகதிகளை வேலைக்குச் சேர்த்தார். போய்வர வண்டியும் மொழிபெயர்ப்பாளர்களும் ஏற்பாடு செய்தார். 2016இல் சுமார் 2,000 ஊழியர்களுக்கு நிறுவனத்தில் பங்கு அறிவித்தார். அதே ஆண்டு, அகதிகளுக்கு வேலை தந்ததற்காகவே அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் பின்வாங்கவில்லை.

வெளியிலிருந்து வருபவர்கள் உள்ளூர் வேலையைப் பறிக்கிறார்கள் என்று பேசுவோர், சவுத் எட்மெஸ்டனில் நடந்ததை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.