படம் யாருக்குப் போட்ட மனு?

என் மகள் வயிற்றுப் பேத்திக்குப் பத்தொன்பது வயது. வேளச்சேரியில் இருக்கிறாள். போன மாதம் அம்மாவோடு மயிலாப்பூர் வந்தவள், சாப்பிட்டு முடித்து ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, படிப்பு முடிஞ்சதும் நான் டாக்குமெண்டரி எடுக்கப் போறேன். காடு, விலங்கு, பறவை இதைப் பத்தி" என்றாள்.

சமையலறையிலிருந்து என் மகள் குரல் கொடுத்தாள். "கேட்டீங்களாப்பா? நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

எடுத்துச் சொல்ல எனக்கென்ன தகுதி? முப்பத்தைந்து வருடம் கோப்பு நகர்த்தியவன் நான். கேமராவைப் பிடித்ததுகூட இல்லை. இருந்தாலும் பெரியவன் என்ற முறையில் ஒரு கேள்வி கேட்டேன். "சரி கண்ணு, படம் எடுக்கறே. யாருக்கு?"

"எல்லாருக்கும்தான் தாத்தா."

அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது. விலாசத்தில் 'சம்பந்தப்பட்டவர்களுக்கு' என்று மட்டும் எழுதிய மனு அலுவலகத்தில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எல்லா மேஜைக்கும் போகும். எந்த மேஜையிலும் நிற்காது.

நான் பிறந்தது புதுச்சேரியில். படித்தது பிரெஞ்சு வழியில். (என் தமிழில் அங்கங்கே பிரெஞ்சு வாடை அடித்தால் அதுதான் காரணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டர் வைத்து, ழாக் கூஸ்தோவின் 'லெ மோந்த் துய் சிலான்ஸ்' படத்தைக் காட்டினார்கள். 'மௌன உலகம்' என்று பொருள். 1956இல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கிய படம். ஆஸ்கர் விருதும் கிடைத்தது. கடலுக்கடியில் அப்படி ஒரு நீலம் இருக்கிறது என்பதையே அன்றுதான் பார்த்தோம். கடற்கரை ஊர்ப் பையன்கள் நாங்கள், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

அந்தப் படத்தில் ஒரு இடம் வரும். கூஸ்தோவின் கப்பல் மோதி ஒரு திமிங்கிலக் குட்டி காயப்படும். அது படும் பாடு தாங்காமல் அவர்களே அதைக் கொன்றுவிடுவார்கள். இரத்த வாடைக்குச் சுறாக்கள் கூடும். குட்டியைத் தின்னும் சுறாக்கள் மேல் கப்பல்காரர்களுக்கு ஆத்திரம் வந்து, கொக்கி போட்டு மேலே இழுத்துக் கோடரியால் வெட்டிப் போடுவார்கள். நாங்கள் கைதட்டினோம். எங்கள் ஆசிரியரும் தட்டினார். இன்னொரு இடத்தில் மீன்களைக் கணக்கெடுக்கப் பவளப் பாறையில் வெடி வைப்பார்கள். அதுவும் எங்களுக்கு விஞ்ஞானமாகத்தான் தெரிந்தது.

சில வருடங்களுக்கு முன் இதே பேத்தியின் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். சுறாவை வெட்டும் இடம் வந்ததும் அவள் எழுந்து போய்விட்டாள். கூஸ்தோவே பிற்காலத்தில் கடலைக் காப்பாற்றச் சொல்லி உலகம் சுற்றியவர். கேமரா பொய் சொல்லாது என்பார்கள். பொய் சொல்லாமல் இருக்கலாம். பின்னால் நிற்பவனுக்கு எதில் அக்கறையோ அதைத்தான் அது காட்டும்.

எழுபதுகளில் வேலைக்காகச் சென்னை வந்தேன். லஸ் காமதேனு தியேட்டரில் படத்துக்கு முன்னால் பிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படம் ஓடும். அது முடியும் நேரம் பார்த்து உள்ளே வருவதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். டாக்குமெண்டரி என்றால் அரசாங்கம் ஊட்டும் கஷாயம் என்று நினைத்திருந்த காலம்.

அதே எழுபதுகளில், கிண்டி பாம்புப் பண்ணையில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் தொண்டனாகப் போய்ச் சேர்ந்தான். சேகர் தத்தாத்ரி. பின்னாளில் இந்தியாவின் முக்கியமான காட்டுயிர்ப் பட இயக்குநர்களில் ஒருவர் ஆனார். இருளர்களின் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பற்றி அவர் படம் எடுத்தார். பாம்புத்தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பு போனவர்கள் இருளர்கள். பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடும் தொழிலுக்கு அவர்கள் மாறிய கதை அது. பிறகு கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு பற்றி எடுத்தார். தேசிய விருது வாங்கினார். வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளுக்கும் வேலை செய்தார்.

அமைதிப் பள்ளத்தாக்குப் படம் அழகான படம். ஆனால் அது வந்த நேரத்தில் அங்கே வரவிருந்த அணைத் திட்டம் கைவிடப்பட்டு, 1984லேயே தேசியப் பூங்காவாக அறிவித்தாகிவிட்டது. கோப்பு முடிந்த பிறகு வந்த படம் அது. 2001இல் அவர் எடுத்த குதிரேமுக் படம் வேறு ஜாதி. கர்நாடகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு தேசியப் பூங்காவுக்குள்ளேயே மத்திய அரசு நிறுவனம் இரும்புத்தாது வெட்டிக்கொண்டிருந்தது. துங்கா, பத்ரா, நேத்ராவதி ஆறுகள் பிறக்கும் இடம். சுரங்கக் குத்தகைக் காலம் 1999லேயே முடிந்துவிட்டது. நீட்டிக்கலாமா வேண்டாமா என்று கோப்பு நடந்துகொண்டிருந்தது. வைல்ட்லைஃப் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. அந்த அமைப்போடு சேர்ந்துதான் இந்தச் சிறிய படத்தை எடுத்தார். வெட்டப்பட்ட மலை, மழையில் சேறாக ஓடும் ஆறு, அவ்வளவுதான். 2002 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. 2005 கடைசியோடு சுரங்கம் மூடப்பட்டது.

படம் மட்டும் சுரங்கத்தை மூடியது என்று சொல்ல மாட்டேன். பல வருடம் காகிதம் சேர்த்து வழக்கு நடத்தியவர்கள் இருந்தார்கள். அந்தக் காகிதத்தோடு சேர்ந்து படமும் போனது, அதுதான் விஷயம். யார் முடிவெடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்று தெரிந்து எடுத்த படம். விலாசம் எழுதிய மனு.

இதைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் நான் பிரிவில் இருந்தபோது ஒரு கோப்பு வந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். தென்சென்னைப் புறநகரில், பள்ளிக்கரணை பக்கம், ஒரு கட்டடத்துக்கு இடம் ஒதுக்குவது பற்றி. கீழேயிருந்து வந்த அறிக்கையில் 'நீர் தேங்கும் தரிசு, உபயோகமற்றது' என்று இருந்தது. அதை அப்படியே என் குறிப்பில் எடுத்து எழுதி, 'ஆட்சேபணை ஏதும் இல்லை, உத்தரவுக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' என்று மேலே அனுப்பினேன். எழுத்து குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும் என்று என் சூப்பிரண்டெண்ட் என்னைப் பாராட்டுவார். அன்றைக்கும் பாராட்டினார். அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

உபயோகமற்றது என்று நான் எழுதிய நிலம் என்ன செய்துகொண்டிருந்தது என்பது இருபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீரை அந்தச் சதுப்பு நிலம் வாங்கித் தேக்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் மெதுவாக அனுப்புகிறது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்தது என்கிறார்கள். 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டபோது கணக்கில் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர். மீதியில் குப்பை மேடு, சாலை, கட்டடங்கள், வீடுகள்.

2015 டிசம்பர் மழையில் வேளச்சேரியில் என் மகள் வீட்டுத் தரைத்தளம் மூழ்கியது. பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மயிலாப்பூர் வந்து சேர்ந்ததும் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தாத்தா, இந்தத் தண்ணி முன்னாடியெல்லாம் எங்க போகும்?" எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை. "தூங்கு கண்ணு" என்றேன்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கோப்போடு பத்து நிமிடப் படம் ஒன்று வந்திருந்தால்? மார்கழிக் காலையில் அங்கே நிற்கும் பூநாரைக் கூட்டத்தையும், நாணலுக்குள் நடக்கும் நீலத் தாழைக்கோழியையும், மழைக்காலத்தில் தண்ணீர் வரும் வழியையும் போகும் வழியையும் எங்கள் பிரிவில் இருந்த ஏழெட்டுப் பேருக்கு யாராவது காட்டியிருந்தால்? என்னைப் போன்ற குமாஸ்தா ஒருவனால் உத்தரவை நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் 'உபயோகமற்றது' என்ற சொல்லை எழுதும்போது கை நின்றிருக்கும். 'இடத்தைப் பார்வையிட்டு அறிக்கை கேட்கலாம்' என்று ஒரு வரி சேர்த்திருப்பேன். ஒரு கோப்பு ஆறு மாதம் தாமதமாக அந்த ஒரு வரி போதும். சில சமயம் ஆறு மாதத்தில் அதிகாரி மாறுவார், திட்டமும் மாறும்.

அழகாக மட்டும் எடுக்கும் படத்தால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. முதுமலை தெப்பக்காடு முகாமில் எடுத்த 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' படத்தில் வழக்கு இல்லை, கோரிக்கை இல்லை. பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற அநாதை யானைக்குட்டியை வளர்க்கிறார்கள், அவ்வளவுதான். நாற்பது நிமிடம். 2023 மார்ச்சில் ஆஸ்கர் கிடைத்தது. உடனே தமிழக அரசு தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களில் வேலை செய்யும் 91 பேருக்குத் தலா ஒரு லட்சம் ரூபாயும், வீடு கட்டிக்கொள்ள நிதியும் அறிவித்தது. பெள்ளி தமிழ்நாட்டின் முதல் பெண் காவடியாக நியமிக்கப்பட்டார். எத்தனையோ வருடமாக யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்களை ஒரு படம் அரசாங்கத்தின் கண்ணில் காட்டிவிட்டது. அதுவும் ஒரு மேஜைக்குப் போய்ச் சேர்ந்த மனுதான். விலாசம் மட்டும் ஹாலிவுட் வழியாகச் சுற்றி வந்தது.

பிறகு அந்தத் தம்பதி பணம் தொடர்பாகக் குறை சொன்னதும், படக்குழு அதை மறுத்ததும் பத்திரிகையில் வந்தன. யார் பக்கம் நியாயம் என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. குமாஸ்தா புத்தி ஒன்றைத்தான் சொல்லும். கேமரா முன்னால் நிற்பவருக்கு என்ன தரப்போகிறோம், என்ன தரமாட்டோம் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் முதலிலேயே எழுதி, படித்துக் காட்டி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று. நம் ஊர்ப் பிராணிகளைப் பற்றி நல்ல படம் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆங்கிலக் குரலில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. பெசன்ட் நகரில் காலையில் நடக்கப் போகும் நண்பர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார்கள். மீனைப்போல் நீருக்குள் மூச்சு விடத் தெரியாத பிராணி ஆமை. மூச்சு விட மேலே வர வேண்டும். இழுவலையில் மாட்டினால் மூழ்கிச் சாகிறது. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. செத்த ஆமைகளின் படங்கள் செய்தியில் வந்தபின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. படத்தின் பலம் அது. ஆனால் இதைப் பற்றி ஒரு முழுப்படம் வந்தால் அது முதலில் ஓட வேண்டிய இடம் திரைப்பட விழா இல்லை. காசிமேட்டுத் துறைமுகம். பேசும் மொழி அங்கே பேசும் தமிழாக இருக்க வேண்டும். விசைப்படகுக்காரரின் கடனையும் டீசல் விலையையும் அது பேச வேண்டும். அவரை வில்லனாக்கி எடுத்தால் பெசன்ட் நகரில் கைதட்டுவார்கள், வலை மாறாது. சுறாவை வெட்டியபோது நாங்கள் தட்டிய கைதட்டல் மாதிரிதான் அதுவும்.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியிடம் சொன்னேன். அந்தக் கோப்புக் கதையையும் சேர்த்துத்தான். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஊஞ்சல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு, "தாத்தா, என் முதல் படம் பள்ளிக்கரணை. இதை நீங்க கேமரா முன்னாடி சொல்வீங்களா?" என்றாள்.

பென்ஷன் வாங்குபவனுக்கு இயல்பாக வரும் பயம் எனக்கும் வந்தது. பழைய சகாக்கள் என்ன நினைப்பார்கள்? அவள் அம்மா என்ன சொல்வாள், அந்த வீட்டுக் கடனைக் கட்டி முடித்ததே போன வருடம்தானே? ஆனால் 'யாருக்கு எடுக்கிறாய்' என்று கேட்டவன் நான். இந்த முறை அவள் யோசித்து வைத்திருந்தாள். "இப்ப உங்க சீட்ல உக்காந்து குறிப்பு எழுதறாங்களே, அவங்களுக்கு" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வருகிறாளாம். அதற்கு முன் ஒருநாள் என்னைப் பள்ளிக்கரணைக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தை நான் இன்னும் இறங்கி நின்று பார்த்ததில்லை.