வயிற்றில் பை உள்ளவருக்கும் ஸஃப்பில் இடம் உண்டு

ஊரவர்களே, இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

குடல் புற்றுநோய், விபத்து, குடல் அடைப்பு என்று ஏதோ ஒரு காரணத்தால் சத்திரசிகிச்சை செய்து, வயிற்றில் துவாரம் வைத்து, மலம் போகப் பை மாட்டியவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். பெருங்குடலில் வைத்தால் கொலஸ்டமி, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வைத்தால் இலியோஸ்டமி. இவர்களில் சிலர் ஜும்ஆவுக்கு வருவதில்லை. கல்யாண வீட்டில் சஹனில் உட்காருவதில்லை. நடக்க முடியாமலா? இல்லை. "மணக்குது", "அவர்ர தொழுகை கூடுமா?" என்ற பேச்சுக்குப் பயந்துதான்.

மார்க்கத்தின் பேரால் பேசுபவர்களிடம் கேட்கிறோம். உதிரப்போக்கு நிற்காத பெண்ணுக்கு ஒவ்வொரு தொழுகைக்கும் வுழூச் செய்து தொழும்படி றஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். சிறுநீர் கசிந்துகொண்டே இருப்பவருக்கும் நமது ஷாபிஈ மத்ஹபில் வழி உண்டு: நேரம் வந்த பின் சுத்தம் செய்து, வுழூ எடுத்து, தாமதிக்காமல் தொழ வேண்டும். அல்லாஹ் இலேசாக்கியதைக் கடினமாக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது? சந்தேகம் இருந்தால் ஆலிமிடம் கேளுங்கள். தேநீர்க்கடையில் பத்வா கொடுக்காதீர்கள்.

அடுத்தது மணம். சரியாக ஒட்டிய பை மணக்காது, கசிந்தால்தான் மணக்கும். ஒட்டும் தட்டில் வெட்டும் துவாரம் குடல்வாயை விட 2-3 மில்லிமீற்றர்தான் பெரிதாக இருக்க வேண்டும். கூடினால் மலம் தோலில் பட்டுப் புண்ணாகும். புண்ணான தோலில் அடுத்த பை ஒட்டாது, மீண்டும் கசியும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் பையைக் காலி செய்ய வேண்டும். சில நாட்களுக்கொரு முறை தட்டையும் மாற்ற வேண்டும். ஆனால் இவை இறக்குமதிப் பொருட்கள். 2022இல் ரூபாய் விழுந்த பின் ஏழை எப்படி வாங்குவார்? பழையதையே கழுவி ஒட்டுகிறார், பொலித்தீன் பையைக் கட்டுகிறார். மணத்தைப் பற்றிப் பேசும் வாய்கள் பையின் விலையைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

கந்தூரிக்கும் மினாராவுக்கும் பணம் சேர்க்கத் தெரிந்த ஊர் இது. நாம் கேட்பது மூன்றுதான்.

ஒன்று: தகுதியான ஏழை நோயாளிக்கு ஸகாத் நிதியிலிருந்து மாதாமாதம் பை வாங்கிக் கொடுங்கள். போட்டோ வேண்டாம்.

இரண்டு: பள்ளிவாசலில் ஒரு மலசலகூடத்திலாவது நல்ல பூட்டு, கைக்குழாய், பொருள் வைக்க ஒரு தட்டு, மூடியுள்ள குப்பைவாளி வையுங்கள்.

மூன்று: இலியோஸ்டமி உள்ளவர் நோன்பு பிடிக்கவில்லை என்றால் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் உடலிலிருந்து தண்ணீரும் உப்பும் அதிகமாகப் போகும். பிடிப்பதா விடுவதா என்பதை அவரும் வைத்தியரும் பேசிக்கொள்வார்கள்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. குடல்வாய் சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கறுத்தால், அல்லது வயிற்றுவலி, வாந்தியுடன் பைக்குள் ஒன்றும் வராமல் நின்றால், கைவைத்தியம் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பக்கத்தில் வீங்கினால் கிளினிக்கில் காட்டுங்கள். அரிசி மூட்டை தூக்க விடாதீர்கள்.

வரும் வெள்ளிக்கிழமை அப்படி ஒருவர் ஸஃப்பில் வந்து நின்றால் விலகாதீர்கள். தோளோடு தோள் சேர்த்து நில்லுங்கள்.